ஒலிக்கூம்பு இசைத்தட்டு

ஒலிக்கூம்பு இசைத்தட்டு என்பது ஒலிவாங்கி இன்றி, பாடகரின் குரல் விசையை மட்டுமே கொண்டு பதியப்பட்ட கிராமபோன் தட்டு ஆகும். இத்தாலிய ஆப்பெரா, கருநாடக இசை ஆகிய இரண்டின் மிகப் பழைய ஒலிப்பதிவுகள் பலவும் இவ்வகையைச் சேர்ந்தவை. 1925 இல் மின்வழி ஒலிப்பதிவு வணிகப் பயன்பாட்டிற்கு வரும் வரை இம்முறையே பெரிதும் வழக்கில் இருந்தது.

பதியும் முறை

பாடகர் பெரிய கூம்பு ஒன்றின் வாயருகே நின்று உரக்கப் பாடுவார். கூம்பின் குறுகிய முனையில் உள்ள மென்தகடு அதிரும்போது, அதனுடன் இணைந்த ஊசி சுழலும் மெழுகுத் தட்டில் பள்ளம் கீறும். அதிலிருந்து உலோக அச்சு செய்து, அரக்குக் கலவையில் படிகள் எடுக்கப்பட்டன. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடங்கள் ஓடும்.

வரலாறு

கிராமபோன் நிறுவனத்தின் பிரெட் கெய்ஸ்பர்க், 1902 ஏப்ரலில் இத்தாலியின் மிலான் நகர விடுதி ஒன்றில் என்ரிக்கோ கரூசோ பாடிய 10 பாடல்களைப் பதிந்தார். அதே ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் கௌகர் ஜானின் பாடல்களைப் பதிந்தார். அப்பதிவுகள் செருமனியின் ஹனோவர் நகரில் படியெடுக்கப்பட்டன. 1908 இல் கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை தொடங்கப்பட்டது.

தென்னிந்தியாவில் தொடக்கத்தில் பதியப்பட்டோருள் தேவதாசி மரபில் வந்த பெண் கலைஞர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மாள் ஆகியோர் அவர்களுள் சிலர். பிரெஞ்சு இசையமைப்பாளர் மாரிஸ் டெலாஜ், தாயியின் இசைத்தட்டு ஒன்றைத் தழுவி 1910களில் "ராகமாலிகா" என்னும் படைப்பை இயற்றினார்.

வரம்புகள்

ஆப்பெராவின் தனிப்பாடல் முன்னரே எழுதி வரையறுக்கப்பட்டது. அவற்றுள் பல, சிறிது குறைத்தால் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். கருநாடக இசையில் ஆலாபனை, நிரவல், கற்பனைச் சுரம் ஆகியவை அரங்கிலேயே விரிபவை. எனவே தட்டில் உள்ள சுருக்கமான பாடலை அக்காலக் கச்சேரி முறையின் சான்றாகக் கொள்ள இயலாது.

மெல்லொலிக் கருவிகளைக் கூம்பு சரிவரப் பதியவில்லை. வீணை தனம்மாளின் இன்று கேட்கக் கிடைக்கும் இசைத்தட்டுகள், மின்வழிப் பதிவு வந்தபின், 1932 இல் அவரது முதுமையில் பதியப்பட்டவையாகும்.

சுழல் வேகமும் கருதத்தக்கது. நிமிடத்திற்கு 78 சுற்று என்பது நிலைபெறும் முன் தட்டுக்குத் தட்டு வேகம் மாறுபட்டது. 74 சுற்றில் பதிந்த தட்டை 78 சுற்றில் இயக்கினால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை உயரும், காலப்பிரமாணமும் விரையும். ஆகவே வேகத்தைச் சரிசெய்யாமல் எண்ணிமப் படியெடுத்தால், கலைஞரின் உண்மையான குரல் அடுத்த தலைமுறைக்குப் பிழையாகவே சென்றடையும்.