கரிசலில் ஒரு குரல் – 9: குழாய் எந்தத் தெருவைப் பார்க்கிறது?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கிராமங்களில் ‘ரேடியோ’ என்றால் வானொலிப் பெட்டி மட்டுமல்ல. வேப்பமரத்தில் கட்டும் கூம்புக் குழாயும் ரேடியோதான். கல்யாண வீட்டில் ‘ரேடியோ கட்டியாச்சா?’ என்று கேட்டால் மைக்செட்காரர் வந்துவிட்டாரா என்று பொருள். பெட்டி ரேடியோ பிடிக்கவில்லை என்றால் அணைத்துவிடலாம். குழாய் ரேடியோவை ஊரே கேட்டாக வேண்டும், சில நேரம் கண்மாய்க்கு அந்தப் பக்கத்து ஊரும். கலவரத்துக்குப் பிறகு நீதியும் இணக்கமும் திரும்ப வானொலியும் பாட்டும் உதவுமா என்ற கேள்வியைக் கரிசல் காட்டில் இந்தக் குழாயிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1957 முதுகுளத்தூர் கலவரத்தின் கதை சென்ற வாரமே வந்துவிட்டது. செப்டம்பர் 10-ஆம் தேதி முதுகுளத்தூரில் நடந்த அமைதிக் கூட்டம், மறுநாள் பரமக்குடியில் தலித் தலைவர் இம்மானுவேல் சேகரன் கொலை, 14-ஆம் தேதி கீழத்தூவலில் போலீஸ் துப்பாக்கிச்சூடு: இந்த மூன்று தேதிகள் நினைவில் இருந்தால் போதும். அருப்புக்கோட்டையும் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது.

அதன் பிறகு இந்தப் பக்கத்தில் திருவிழாவுக்கு முன்பு தாலுகா அலுவலகத்தில் நடக்கும் அமைதிப் பேச்சுவார்த்தைகளில் ஊர்வலப் பாதை, நேரம் இவற்றோடு பாட்டும் ஒரு சங்கதி. இன்ன பாட்டைப் போடக் கூடாது, இன்ன தெருமுனையில் சத்தத்தைக் குறைக்க வேண்டும், குழாயை அந்தப் பக்கம் திருப்பக் கூடாது என்று பேசி முடிப்பார்கள். சட்டத்தின் காதோ வேறு மாதிரி. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று அளவு வைக்கின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியே கூடாது என்கின்றன. சத்தத்தை அளக்கக் கருவி இருக்கிறது. 54 டெசிபலில் பாடப்படும் வசவை அளக்க எதுவும் இல்லை.

பாட்டு எழுதியவர் ஒன்றை நினைத்திருப்பார், குழாய் கட்டுபவர் வேறொன்றை நினைப்பார். 1992-இல் வந்த ‘தேவர் மகன்’ படம், அரிவாளைக் கீழே போட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொல்லி முடிகிறது. அதில் வரும் ஒரு பாட்டு மட்டும் படத்தை விட்டு இறங்கிவந்து, முப்பது ஆண்டுகளாகத் தென் மாவட்டத்துத் தெருக்களில் சாதிப் பெருமையின் கொடியாகச் சுற்றுகிறது. அந்தப் படம் தன்னை உலுக்கியதிலிருந்துதான் ‘மாமன்னன்’ (2023) பிறந்தது என்று இயக்குநர் மாரி செல்வராஜ் மேடையிலேயே சொன்னார். இங்கே குற்றம் யாருடையது? பாட்டினுடையதா, போட்டவருடையதா? இந்தக் கேள்வியை ஒரு சர்வதேச நீதிமன்றமே எடுத்து விசாரித்திருக்கிறது.

ருவாண்டாவின் பெயர்பெற்ற பாடகர் சைமன் பிகிண்டி. நடனக் குழு வைத்திருந்தவர், இளைஞர் நலத் துறையில் அரசு ஊழியர். 1994-இல் சில மாதங்களுக்குள் லட்சக்கணக்கான டுட்சி மக்கள் கொல்லப்பட்ட காலத்தில் ஆர்.டி.எல்.எம். என்ற தனியார் வானொலி அவருடைய பாட்டுகளை ஓயாமல் போட்டது. 2001-இல் நெதர்லாந்தில் கைதாகி, தான்சானியாவின் அருஷா நகரில் இருந்த ஐ.நா. தீர்ப்பாயத்தின் முன் நின்றார். மூன்று பாட்டுகள் நீதிமன்றத்தில் வரிவரியாகப் பிரிக்கப்பட்டன. உவமை என்ன, பழமொழி எது, பழைய அரசர் காலத்தை இழுப்பது எதற்கு என்றெல்லாம் வல்லுநர்கள் சாட்சி சொன்னார்கள். ஒரு பாட்டுக்கு இவ்வளவு பொழிப்புரை நம் பட்டிமன்றங்களில்கூடக் கிடைக்காது.

2008 டிசம்பர் 2-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. இரண்டு பாட்டுகள் இனவெறுப்பை வளர்க்கும் நோக்கத்தோடு இயற்றப்பட்டவைதாம் என்று நீதிபதிகள் ஏற்றார்கள். ஆனால் கொலைக்குத் தூண்டவே அவற்றை இயற்றினார் என்பதும், வானொலியில் போடவைத்ததில் அவருக்குப் பங்குண்டு என்பதும் நிரூபணமாகவில்லை என்றார்கள். பாட்டுக்காகத் தண்டனை இல்லை. அப்படியானால் 15 ஆண்டுச் சிறை எதற்கு? 1994 ஜூன் கடைசியில், கிவுமு–கயோவே சாலையில், ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் போனபோது பேசிய பேச்சுக்கு. வண்டியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய பாட்டும் அதில் உண்டு. டுட்சிகளை ஒழிக்க வேண்டும் என்று மைக்கில் சொன்னார். திரும்பி வரும்போது அதே மைக்கில், பாம்புகளைக் கொன்றாயிற்றா என்று சாலையோரத்து மக்களைக் கேட்டார். ஆக, அவரைச் சிறைக்கு அனுப்பியது பெட்டி ரேடியோ அல்ல, நம்மூர்ப் பாஷையில் குழாய் ரேடியோ. 2010-இல் மேல்முறையீட்டிலும் தண்டனை நின்றது.

கொலைக்குத் துணைபோன அதே நாட்டு வானொலியில்தான் மருந்தும் தேடினார்கள். 2004-இல் தொடங்கியது ‘முசெகெவேயா’ என்ற வாரத் தொடர் நாடகம். ‘புதிய விடியல்’ என்று பொருள். இரண்டு கற்பனை ஊர்கள், நடுவில் வளமான ஒரு பள்ளத்தாக்கு, அதைப் பற்றிய தகராறு, இரண்டு ஊர்களையும் சேர்ந்த ஒரு காதல் ஜோடி. நாடகத்தில் ஹுட்டு, டுட்சி என்ற இரு இனங்களின் பெயர்களே வராது. எந்த ஊர் யார் என்று கேட்பவருக்குச் சொல்லத் தேவையும் இல்லை.

எலிசபெத் லெவி பலுக் என்ற ஆய்வாளர் சில குழுக்களுக்கு ஓராண்டு இந்த நாடகத்தையும், வேறு குழுக்களுக்கு ஓர் உடல்நலத் தொடரையும் கேட்கவைத்தார். சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. ஆனால் ஊரில் எது முறை, எது முறையல்ல என்ற எண்ணம் மாறியிருந்தது; நடத்தையிலும் அது தெரிந்தது. முடிவில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு டேப்ரிக்கார்டரும் நாடகக் கேசட்டுகளும் பரிசாகக் கொடுத்தார்கள். யார் பொறுப்பில் வைப்பது? உடல்நலத் தொடர் கேட்ட குழுக்கள் பெரும்பாலும் அதிகாரியிடமே கொடுத்துவிடலாம் என்று எழுந்துவிட்டன. நாடகம் கேட்டவர்கள் அதற்கு மறுப்புச் சொல்லி, வாதாடி, தாங்களே சேர்ந்து வைத்துக்கொள்ளும் வழியைப் பேசினார்கள். அதிகாரி சொன்னதற்குத் தலையாட்டியே கெட்ட நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

அந்தப் பள்ளத்தாக்கின் இடத்தில் ஒரு கண்மாயை வைத்தால் நாடகம் திருச்சுழிக்குப் பொருந்திவிடும். மடைத் தண்ணீர், மீன் குத்தகை, கரையில் நிற்கும் சீமைக் கருவேலம் யாருக்கு என்ற ஏலம்: கதைக்குப் பஞ்சமில்லை. அதைப் போட நிலையம் வேண்டும். அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் சொன்னது. 2004 பிப்ரவரி 1-ஆம் தேதி சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி தொடங்கியது. 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது; அன்றைய மேதக் மாவட்டத்து மாச்னூரில் தலித் பெண்கள் நடத்தும் ‘சங்கம் ரேடியோ’ 2008-இல் வந்தது. வீச்சுத் திறன் வழக்கமாக 100 வாட். நிலத்தைப் பொறுத்துப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எட்டும். அருப்புக்கோட்டையில் கம்பம் நட்டால் திருச்சுழிக்குக் கேட்கலாம், கேட்காமலும் போகலாம்.

நிலையம் தானாகச் செய்தி வாசிக்க அனுமதி இல்லை. ஒரு வன்கொடுமை வழக்கு எங்கே நிற்கிறது என்பதைச் செய்தியாகச் சொல்ல முடியாது. சட்டத்தை விளக்கத் தடையில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2016 திருத்த விதிகளின்படி, கொலை வழக்கில் நிவாரணம் 8.25 லட்சம் ரூபாய்: பிணக்கூறாய்வு முடிந்ததும் பாதி, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் பாதி. சார்ந்திருப்போருக்கு மாதாமாதம் ஓய்வூதியமும் உண்டு. இந்தக் கணக்கு தெரியாமல் கையெழுத்துப் போட்டுக்கொடுக்கிற வீடுகளுக்கு, இதைத் தினம் ஒருமுறை சொல்லும் குரலே பெரிய உதவி.

இனி மீதம் இருப்பது அந்த நிலையத்தின் அறை எந்தத் தெருவில் இருக்கும், அதன் படியை யாரெல்லாம் ஏறுவார்கள், பறை அதற்குள் வருமா என்பது. இந்த வாரத்துக்கென்று சொல்லியிருந்த பறையின் கதை, பிகிண்டி இடத்தைப் பிடித்துக்கொண்டதால் அடுத்த வாரத்துக்குப் போகிறது.