ஒரே எண், ஐந்து கைப்பேசிகள்: இணையத் தொலைபேசி எண் எப்படி வேலை செய்கிறது?

கேலாங் சாலையில் வழி தேடுபவருக்கு லோரோங் எண்ணே பாதி வழியைச் சொல்லிவிடும். இரட்டைப்படை லோரோங்குகள் சாலையின் தெற்குப் பக்கம், ஒற்றைப்படை லோரோங்குகள் வடக்குப் பக்கம். சிங்கப்பூரின் தொலைபேசி எண்களையும் ஒரு காலத்தில் இப்படித்தான் படிக்க முடிந்தது. 6 என்று தொடங்கினால் வீடு அல்லது அலுவலகம். 8 அல்லது 9 என்றால் கைப்பேசி. 2002 மார்ச் 1ஆம் தேதி ஏழிலக்க எண்களுக்கு முன்னால் சேர்க்கப்பட்டதுதான் அந்த 6. கேலாங்கின் பழைய கடைகள் பலவற்றின் பெயர்ப்பலகைகளில் 674 என்று தொடங்கும் எண்களை இன்றும் பார்க்கலாம்.

2005ஆம் ஆண்டு இந்த வரிசையில் இன்னொன்று சேர்ந்தது. அப்போதைய தகவல்தொடர்பு மேம்பாட்டு ஆணையம், இணையத் தொலைபேசிக்கென்று 3ல் தொடங்கும் எட்டிலக்க எண்களை ஒதுக்கியது. இன்று 6ல் தொடங்கும் எண்கள் பலவும் இணைய வழியாகவே இயங்குகின்றன. ஆகவே, எண்ணின் முதல் இலக்கத்தைப் பார்த்து அது எந்தக் கம்பியில் வருகிறது என்று சொல்ல முடியாது. எண்ணுக்கும் கம்பிக்கும் இருந்த உறவு அறுந்துவிட்டது. சிறு வியாபாரிகளுக்குக் கிடைத்த வசதிக்கும் மோசடிக்காரர்களுக்குக் கிடைத்த வாய்ப்புக்கும் இந்த ஒன்றுதான் காரணம்.

குரல் பொட்டலமாகிறது

பழைய தொலைபேசியில் உங்கள் வீட்டிலிருந்து தொலைபேசி நிலையம் வரை ஒரு செப்புக் கம்பி இணை ஓடும். எண் என்பது அந்தக் கம்பியின் பெயர். இணையத் தொலைபேசியில் தனிக் கம்பி கிடையாது. குரல் எண்களாக மாற்றப்பட்டு, மின்னஞ்சலும் காணொளியும் போகும் அதே வழியில் போகிறது.

கணக்கு எளிமையானது. தொலைபேசியில் பேச்சு புரிவதற்கு 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்கள் போதும். ஓர் ஒலியலையைச் சரியாகப் பதிவு செய்ய, அதன் உச்ச அதிர்வெண்ணைப் போல் இரு மடங்கு முறை அளக்க வேண்டும். எனவே நொடிக்கு 8,000 அளவீடுகள். ஒவ்வொன்றுக்கும் 8 பிட் என்றால் நொடிக்கு 64,000 பிட். இதை 20 மில்லிநொடித் துண்டுகளாக நறுக்கினால் ஒரு பொட்டலத்தில் 160 பைட் குரல் இருக்கும். அதன்மேல் ‘யாரிடமிருந்து, யாருக்கு, எத்தனையாவது பொட்டலம்’ என்ற விவரங்களுக்கு 40 பைட் ஒட்டப்படும். ஒரு நொடிக்கு 50 பொட்டலங்கள். மொத்தம் 80,000 பிட். இரு திசைகளையும் சேர்த்து ஒரு நிமிடப் பேச்சுக்கு ஏறக்குறைய 1.2 மெகாபைட் தரவுதான் செலவாகும்.

பொட்டலங்கள் வரிசை மாறி வரலாம், சில தொலைந்தும் போகலாம். அதனால் கேட்பவரின் கருவி அவற்றைச் சற்று நேரம் சேர்த்துவைத்து, ஒழுங்குபடுத்தி, பிறகு ஒலிக்கிறது. பேசியது மறுமுனையைச் சேர 150 மில்லிநொடிக்குள் ஆனால் பெரும்பாலும் தாமதம் தெரியாது. அதைவிட மிகவும் கூடினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள்.

எண்ணுக்குப் பின்னால் ஒரு பட்டியல்

கேலாங்கில் ஐந்து பேர் நடத்தும் ஒரு ஏர்கான் பழுதுபார்ப்புக் கடையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் கடையில், மூவர் வீடு வீடாக வேலையில், ஒருவர் விடுப்பில். பெயர்ப்பலகையில் ஒரே எண். வாடிக்கையாளர் அழைத்தால் யார் எடுப்பது?

ஐவரும் தத்தம் கைப்பேசியில் ஒரு செயலியை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு செயலியும் குறிப்பிட்ட இடைவெளியில் சேவை நிறுவனத்தின் சர்வருக்கு, “நான் இப்போது இந்த இணைய முகவரியில் இருக்கிறேன்” என்று தகவல் அனுப்புகிறது. சர்வர் அதை ஒரு பட்டியலில் குறித்துக்கொள்கிறது. அழைப்பு வந்ததும் பட்டியலைப் பார்த்து எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அழைப்பிதழ் அனுப்புகிறது. முதலில் எடுப்பவருக்கு இணைப்பு கிடைக்கும், மற்ற கைப்பேசிகளின் மணி நின்றுவிடும். இதற்கான விதிகளை எஸ்.ஐ.பி. என்ற நெறிமுறை வகுத்துத் தருகிறது. இன்று புழக்கத்தில் உள்ள அதன் வடிவம் 2002ல் வெளியானது.

பட்டியல் சர்வரில் இருப்பதால் கடைக்காரர் அதற்குக் கட்டளையிடலாம். மாலை 6 மணிக்குமேல் ஒருவருக்கு மட்டும் மணி அடிக்கட்டும். 20 நொடியில் யாரும் எடுக்காவிட்டால் குரலஞ்சலுக்குப் போகட்டும். விடுப்பில் இருப்பவரை யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம். ஊழியர் வாடிக்கையாளரை அழைக்கும்போது அவருடைய சொந்த எண்ணுக்குப் பதிலாகக் கடையின் எண் தெரியட்டும். நாளை அவர் வேலையை விட்டுப் போனாலும் எண்ணும் வாடிக்கையாளரும் கடையிலேயே இருப்பார்கள்.

திரையில் தெரியும் எண்ணை நம்பலாமா?

மேலே சொன்னதில் ஒன்றைக் கவனியுங்கள். ஊழியர் அழைப்பது தம் கைப்பேசியிலிருந்து, வாடிக்கையாளரின் திரையில் தெரிவதோ கடையின் எண். அழைப்பிதழில் ‘அனுப்புநர்’ என்ற இடத்தில் எழுதப்படுவதுதான் அந்த எண். கடித உறையின் பின்பக்கம் நாம் எழுதும் முகவரியைப் போன்றது அது. நேர்மையான சேவை நிறுவனம் அந்த எண் உங்களுக்கு உரியதுதானா என்று சோதித்த பிறகே எழுத அனுமதிக்கும். சோதிக்காத நிறுவனம் உலகில் எங்காவது ஒன்று இருந்தாலே மோசடிக்காரருக்குப் போதும்.

2024ல் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளால் பறிபோன தொகை 1.1 பில்லியன் வெள்ளிக்கும் அதிகம். அந்த மோசடிகள் எல்லாமே தொலைபேசி வழி நடந்தவை அல்ல. ஆனால் வங்கி ஊழியர், அரசாங்க அதிகாரி என்று நடித்து வரும் அழைப்புகளை வாசகர்களில் பலர் சந்தித்திருப்பீர்கள். 2020 ஏப்ரல் 15 முதல் வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்குத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் முன்னால் + குறியைச் சேர்க்கின்றன. உள்ளூர் தொலைபேசி அழைப்புகளுக்கு அந்தக் குறி வராது. எனவே சாதாரண அழைப்பில் +65 என்று தெரிந்தால் அது உள்ளூர் அழைப்பு அல்ல. அமெரிக்கா வேறு வழியில் போனது. அங்கு 2021 ஜூன் இறுதி முதல் பெரிய நிறுவனங்கள் தம் இணைய வழி அழைப்புகளில் மின்னணுச் சான்றொப்பம் இட வேண்டும். அனுப்புநர் எண்ணுக்கு யார் பொறுப்பு என்பதை அது காட்டும்.

இவை எல்லாவற்றையும்விட எளிய பாதுகாப்பு ஒன்று அறிவியலிலேயே இருக்கிறது. உங்களுக்கு வரும் அழைப்பில் எண் என்பது மறுமுனையில் இருப்பவர் சொல்லிக்கொள்ளும் பேச்சு மட்டுமே. நீங்கள் அழைக்கும்போதோ அதே எண் ஒரு முகவரி. அழைப்பு எங்கே போக வேண்டும் என்பதைத் தொலைபேசிக் கட்டமைப்பின் பட்டியல் முடிவு செய்கிறது. திரையில் பொய் எண்ணைக் காட்டுவதால் மட்டும் அந்தப் பட்டியலை மாற்றிவிட முடியாது. ஆகவே சந்தேகம் வந்தால் அழைப்பைத் துண்டியுங்கள். வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணை நீங்களே அழுத்தி அழையுங்கள். அழைத்தவர் தரும் எண்ணை மட்டும் பயன்படுத்த வேண்டாம். மோசடியா என்று உறுதிசெய்ய 1799 என்ற உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை

எல்லா அழைப்புகளையும் ஒரே எண்ணில் சேர்க்கும்போது ஆபத்தும் ஒரே இடத்தில் சேர்கிறது. எனவே மூன்று கேள்விகள்.

முதலாவது, மின்சாரம் போனால் என்ன ஆகும்? பழைய தொலைபேசிக்குத் தொலைபேசி நிலையமே கம்பி வழியாக 48 வோல்ட் மின்சாரம் அனுப்பியது. வீடு இருண்டாலும் தொலைபேசி வேலை செய்தது. ரவுட்டருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. இணையம் இல்லாதபோது அழைப்புகளைச் சாதாரணக் கைப்பேசி எண்ணுக்குத் திருப்பிவிடும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

இரண்டாவது, அவசர அழைப்பு. கம்பி ஓடும் இடம் நிலையானது, எண்ணை வைத்தே முகவரியைக் கண்டுபிடிக்கலாம். இணைய எண் இன்று கேலாங்கில் இருக்கும், நாளை சென்னையில் இருக்கும். 2005லேயே அமெரிக்கத் தொடர்பு ஆணையம் இதை உணர்ந்து, இணையத் தொலைபேசி நிறுவனங்கள் வாடிக்கையாளரின் முகவரியைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டது. நெஞ்சுவலி, தீ என்றால் 995க்குச் சாதாரணக் கைப்பேசியிலிருந்தே அழைப்பது நல்லது. பேச்சைத் தொடங்கும்போதே முகவரியைச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, நிறுவனம் மூடினால் எண் யாருடையது? 2003ல் தொடங்கி உலகெங்கும் பயன்பட்ட ஸ்கைப், 2025 மே 5ஆம் தேதி மூடப்பட்டது. அதில் எண் வாங்கி வைத்திருந்தவர்கள் அதை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. பத்து ஆண்டுகளாக வாடிக்கையாளர் மனப்பாடமாக வைத்திருக்கும் எண் கைவிட்டுப் போனால், கடையின் பெயர்ப்பலகையையே கழற்றியதற்குச் சமம். எண்ணை எடுத்துச் செல்லும் உரிமை உண்டா என்பதை ஒப்பந்தத்திலேயே பாருங்கள்.

ஏற்கெனவே இணைய எண் வைத்திருப்பவர்கள் இன்றே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் ரவுட்டரை ஐந்து நிமிடம் அணைத்துவிட்டு, செயலி உள்ள கைப்பேசிகளில் இணையத்தையும் நிறுத்துங்கள். பிறகு வேறொரு கைப்பேசியிலிருந்து உங்கள் எண்ணை அழையுங்கள். மணி எங்கே அடிக்கிறது, குரலஞ்சல் வருகிறதா, அல்லது மௌனம்தானா என்று கேட்டு எழுதி வையுங்கள். சேவை நிறுவனத்திடம் அடுத்த முறை பேசும்போது அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.