கியர் உறை ஏன் வெடிக்கிறது?

காரின் கியர்க் கம்பியைச் சுற்றியுள்ள ரெக்ஸின் உறை ஏன் வெடிக்கிறது, தெரியுமா? ரெக்ஸினில் பூசப்படும் பி.வி.சி. இயல்பில் விறைப்பானது, தண்ணீர்க் குழாயும் அதுதான்! எண்ணெய் போன்ற நெகிழ்வூட்டி கலந்தே அதை மெத்தென்று ஆக்குகிறார்கள். கோடை வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தொடக்கூடும். நெகிழ்வூட்டி சிறுகச் சிறுக வெளியேறுகிறது. முன்கண்ணாடியின் உட்புறம் படியும் மங்கலில் அதுவும் உண்டு. விறைத்த உறை, கியர் மாற்றும்போதெல்லாம் மடியும் இடத்தில் வெடிக்கிறது.

புதியது மாட்டப் போகிறீர்களா? கம்பி நியூட்ரலுக்கு நழுவினாலும் கார் உருளக் கூடாது. கைபிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல்லும் கொடுங்கள். பல கார்களில் குமிழைத் திருகிக் கழற்றலாம். சட்டத்தைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கொக்கிகளும் வயதானவையே. ஸ்குரூடிரைவரால் நெம்பினால் ஒடியும். மூங்கில் சிம்பு நல்லது. அடியில் ரப்பர் உறை இருந்தால் அதையும் பாருங்கள். தூசியையும் புகையையும் தடுப்பது அதுதான். கிழிந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.