உப்புக்கும் ஒரு வரைபடம் வேண்டும்

கொள்ளிடம் ஆற்றில் உபரிநீர் திறந்தால் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் ஆகிய ஊர்களின் பெயர்கள் செய்திகளில் அடிபடும். 2022 ஆகஸ்டிலும் அப்படித்தான். படுகைத் தோட்டங்கள் மூழ்கின. மக்கள் முகாம்களுக்குப் போனார்கள். இத்தகைய ஊர்களில் எங்கே என்ன வளம் இருக்கிறது, எந்தப் பக்கமிருந்து ஆபத்து வரும் என்று வரைந்து வைப்பது அவசர வேலை.

அதை ஊராரே செய்யலாம். தரையில் கோலமாவும் வண்ணப்பொடியும் கொண்டு ஊரை வரையும் முறை 1990களிலேயே தமிழகக் கிராமங்களுக்கு வந்துவிட்டது. ஆண்கள் வரப்பு, வாய்க்கால், மதகு, கரை உடைந்த இடம் என்று தொடங்குவார்கள். பெண்கள் கையில் பொடியைக் கொடுத்தால் அடிபம்புகளும் குளங்களும் படத்தில் ஏறும். எந்த பம்பின் தண்ணீரில் பருப்பு வேகவில்லை என்பது குடம் சுமப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தத் தகவல்தான் முக்கியம். கடலோரக் கொள்ளிடத்தில் வெள்ளத்தைவிடப் பெரிய ஆபத்து உப்பு. ஆற்றில் நன்னீர் ஓடும்வரை கடல்நீர் ஒதுங்கி நிற்கும். கொள்ளிடமோ பெரும்பாலும் உபரிநீர் வடியும் பாதை. மேட்டூரிலிருந்து மிகுநீர் வந்தால்தான் கரை நிறைய ஓடும். மற்ற மாதங்களில் கடலேற்றத்தின்போது உவர்நீர் முகத்துவாரம் வழியாக உள்ளே வருகிறது. மணல் அள்ளி ஆற்றுப்படுகை தாழ்ந்த இடங்களில் அதற்கு வழி இன்னும் எளிது. ஆழ்துளைக் கிணறுகள் நன்னீரை உறிஞ்ச உறிஞ்ச, நிலத்தடியிலும் உப்பு நகர்கிறது. கடல்மட்டம் உயர்வது இந்த உப்பை மேலும் உள்ளே தள்ளிவிடும்.

வெள்ளத்துக்குத் தேதி உண்டு, படம் உண்டு, 33 சதவீதத்துக்கு மேல் பயிர் அழிந்தால் நிவாரணமும் உண்டு. உப்புக்கு எதுவுமில்லை. தேசிய நிவாரண விதிகள் ஏற்கும் பேரிடர்களில் உப்பேறுதல் இல்லை. மண்ணின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே நெல் விளைச்சல் சரியத் தொடங்கும். பயிர் நின்றுகொண்டிருக்கும், கதிரில் பதர் கூடும். அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

செயற்கைக்கோள் படமே போதும் என்பார்கள் சிலர். மேகம் மூடியிருந்தாலும் ரேடார் வெள்ளப் பரப்பைக் காட்டிவிடும், உண்மைதான். அடிபம்பின் கரிப்பு அதில் தெரியாது.

ஊர் வரைந்த படத்தில் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். உப்பளவுமானி கையடக்கமானது, பள்ளிப் பிள்ளைகளே கோடையில் ஒரு முறையும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒரு முறையும் அளந்து எழுதிவிடலாம். எங்கே குழியடிச்சான் போன்ற உவர் தாங்கும் நெல்லை விதைப்பது, எங்கே புது ஆழ்துளைக் கிணற்றைத் தடுப்பது, கதவணை எங்கே தேவை என்பதை அந்தக் கணக்கு சொல்லும். சில ஆண்டுகள் தொடர்ந்து எழுதிய கணக்கைக் கிராம சபையில் தீர்மானமாக்கினால், உப்பேறுதலையும் பேரிடராகச் சேர்க்கக் கோர ஊராரிடம் ஆதாரம் இருக்கும்.