கண்ணுக்கெட்டா உலகம் – 7: ஹவாய்த் தீவின் ஆடுகள்

பிராணவாயுவின் ஸ்பரிசம் பட்டால் மாண்டுபோகும் ஜீவராசிகளைப் பற்றிச் சென்ற வாரம் கூறினேன். அவை செழித்து வாழும் இடங்களுள் தலையாயது, ஆடு மாடு முதலிய அசைபோடும் பிராணிகளின் முதல் வயிறு. ஏறக்குறைய 39 டிகிரி வெப்பமும் ஓயாத ஈரமும் இருளும் கூடிய அவ்விடத்தில், ஒரு மில்லிலிட்டர் திரவத்திலேயே ஆயிரம் கோடி அளவில் பாக்டீரியாக்கள் குடியிருந்து, பிராணியின் சொந்த ஜீரண நீர்களுக்கு வசப்படாத புல்லையும் வைக்கோலையும் சிதைத்து அதற்கு ஆகாரமாக்கிக் கொடுக்கின்றன. ஆகாரம் மட்டுமா, சில சமயம் உயிரையே காத்துக் கொடுக்கின்றன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

நம் ஊர்களில் சூபாபுல் என்றும் சவுண்டல் என்றும் வழங்கும் மரத்தின் பூர்விகம் மெக்ஸிகோவும் மத்திய அமெரிக்காவும் ஆகும். வறட்சியைத் தாங்கி விரைந்து வளர்வதும், இலையில் புரதம் மிகுந்திருப்பதும் கண்டு, உஷ்ணப் பிரதேசங்கள் பலவற்றில் அதைக் கால்நடைத் தீவனமாகப் பயிரிட்டனர். ஆனால் ஆஸ்திரேலியாவில் இவ்விலையையே மிகுதியாகத் தின்ற மாடுகளுக்கு ரோமம் உதிர்ந்தது, எச்சில் ஒழுகியது, உடல் மெலிந்து, தைராய்டு சுரப்பி வீங்கிற்று. தொட்டாற்சிணுங்கியிலும் காணப்படும் மைமோசின் என்னும் நஞ்சு இவ்விலையில் உள்ளது. மாட்டின் வயிற்றில் அது சிதைந்து டி.எச்.பி. என்னும் மற்றொரு பொருளாக மாறி, தைராய்டின் வேலையைத் தடுத்துவிடுகிறது.

இந்நிலையில் அம்மரத்தையே வெட்டி ஒதுக்கியிருந்தாலும் யாரும் குறை கூறியிருக்க முடியாது. அந்நாட்டு அரசின் ஆராய்ச்சி ஸ்தாபனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வைச் சேர்ந்த ரேமண்ட் ஜோன்ஸ் அப்படிச் செய்யாமல், ஹவாய்த் தீவில் இதே இலையைத் தின்னும் ஆடுகள் யாதொரு தீங்குமின்றித் திரிவது ஏன் என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அவரை நான் பெரிதும் மதிக்கிறேன். நஞ்சை முறிக்கும் திறன் ஆட்டின் சரீரத்தில் அன்று, அதன் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களிடமே இருக்கலாம் என்ற ஊகத்தை 1981-இல் அவர் வெளியிட்டார். பின்னர் ஹவாய் ஆடுகளின் வயிற்றிலிருந்த நுண்ணுயிர்கள் ஆஸ்திரேலியக் கால்நடைகளின் வயிற்றில் சேர்க்கப்பட்டபோது, அவையும் அந்நஞ்சைச் சிதைக்கலாயின. அவ்வெற்றியை மெகாரிட்டி என்பவரோடு சேர்ந்து ஜோன்ஸ் 1986-இல் அறிவித்தார்.

ஆனால் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டத்தினின்று நஞ்சைச் சிதைக்கும் அந்த ஒன்றைப் பிரித்தெடுப்பது எளிதன்று. சூடேற்றிய செம்பின் மீது செலுத்திப் பிராணவாயு நீக்கப்பட்ட கரியமிலவாயுவைக் குழாய்க்குள் நிரப்பி, உருகிய அகார் கூழை அதனுள் உருட்டிப் படியவைத்து, காற்று அணுகாமல் இத்தகைய நுண்ணுயிர்களை வளர்க்கும் முறையை அமெரிக்கரான ராபர்ட் ஹங்கேட் முன்னமே வகுத்து வைத்திருந்தார். அத்தகைய முறைகளைக் கையாண்டு மில்டன் அல்லிஸனும் அவருடைய சகாக்களும் அந்த உயிரைத் தனிமைப்படுத்தி, 1992-இல் ஜோன்ஸின் பெயரால் ‘சினர்ஜிஸ்டஸ் ஜோன்ஸியை’ என்று பெயரிட்டனர். சர்க்கரையையும் மாவுப் பொருளையும் அது தீண்டுவதில்லை. அர்ஜினைன், ஹிஸ்டிடைன் என்னும் அமினோ அமிலங்களோடு, பிறருக்கு நஞ்சான டி.எச்.பி.யையும் உண்டு வாழ்கிறது. மரம் கடல் கடந்து போன இடமெல்லாம் இந்தத் துணைவனும் கூடவே போகவில்லை என்பதே ஆஸ்திரேலிய மாடுகளுக்கு நேர்ந்த துன்பத்தின் காரணம் என்று அன்று கருதினார்கள்.

குவீன்ஸ்லாந்தில் இந்நுண்ணுயிரைத் தொட்டிகளில் பெருக்கி, மாடுகளுக்குப் புகட்டி வருகிறார்கள். மந்தையில் சிலவற்றுக்குப் புகட்டினால், மேய்ச்சல் நிலத்தில் மற்றவற்றுக்கும் அது தானே பரவிவிடுகிறது. எனினும் விஷயம் அத்தோடு தீர்ந்துவிடவில்லை. புகட்டப்பட்ட மந்தைகள் சிலவற்றின் சிறுநீரிலும் டி.எச்.பி. பின்னர் காணப்பட்டது, யாரும் கொண்டு சேர்க்காத தேசங்களின் மாடுகளிடத்தும் இதே உயிர் சொற்ப அளவில் தென்பட்டது. இந்நஞ்சை வேறொரு பொருளோடு பிணைத்துச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதில் பிராணியின் கல்லீரலுக்கும் பெரும் பங்குண்டு என்று ஆராய்ச்சியாளர் சிலர் இப்போது வாதிக்கின்றனர். வயிறு, கல்லீரல் இவ்விரண்டில் எதன் பங்கு பெரிது என்பது பற்றிய விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.