பெயர், சான்று, தவணை
வாணிபத்தின் புதிய போக்குகளும் நம் சங்கங்களும்

தொழில் நடைபெறும் முறை காலத்துக்குக் காலம் மாறி வருவது இயல்பு. தறியும் கறவை மாடும் கழனியும் பழையனவே எனினும், அவற்றின் விளைவு சந்தையை அடையும் வழி பெரிதும் மாறிவிட்டது. முன்னாளில் வாங்குவோரும் விற்போரும் ஒருவரையொருவர் நன்கறிவர், வாய்ச்சொல்லே போதுமானதாயிருந்தது. இன்றோ, ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிய பொட்டலத்தை எங்கோ தொலைவிலுள்ளவர் கைபேசி வழியே வரவழைத்துக்கொள்கிறார். முகமறியாத இவ்வாணிபத்தில் வாய்ச்சொல் இருந்த இடத்தை எழுத்து பிடித்துக்கொண்டது. பொருளின் பெயர், அதன் தரத்துக்குச் சான்று, பணம் வரவேண்டிய தவணை ஆகிய மூன்றும் எழுத்தில் இருந்தாக வேண்டும். இவற்றை நம் அங்கத்தினர்கள் தெளிவாக அறிந்திருத்தல் அவசியமாகும்.

ஊர்ப்பெயரின் உரிமை

ஆண்டாள் திருக்கோயிலுக்கு வருவோர் பால்கோவா வாங்காமல் ஊர் திரும்புவது அரிது. பாலும் சர்க்கரையுமே அதன் சரக்கு. விறகடுப்பின் மேல் இடைவிடாது கிளறும் கைப்பக்குவமே அதன் சிறப்பு. புகழ் பரவப் பரவ, வேற்றிடத்துப் பண்டமும் அதே பெயரில் விலைபோகக்கூடும். மாவோ பால்பொடியோ கலந்த பண்டம் அப்பெயரைச் சூடிக்கொள்ளுமானால், நட்டம் இனிப்புக் கடைக்காரரோடு நில்லாது. காலையும் மாலையும் பால் கறந்து ஊற்றும் உழவர் வீடுவரை வந்து சேரும்.

இதனைத் தடுக்கவே புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2003இல் நடைமுறைக்கு வந்தது. இதற்குரிய பதிவகம் சென்னையில் உள்ளது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இல் இக்குறியீட்டைப் பெற்றது. அதற்கு விண்ணப்பித்தது அவ்வூர்க் கூட்டுறவுப் பால் சங்கமே என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. நெசவுத் துறையிலும் காஞ்சிபுரம் பட்டு, மதுரைச் சுங்குடி முதலியன முன்னரே இவ்வுரிமை பெற்றன. வீரவநல்லூர் செடிபுட்டாச் சேலை 2023இல் பெற்றது. பிரான்சு நாட்டில் ராக்ஃபோர்ட் என்னும் ஊரின் பாலாடைக்கட்டிக்கு 1925இலேயே சட்டம் இத்தகைய காப்பளித்தது.

இவ்வுரிமையை எவரும் விற்கவோ அடகு வைக்கவோ இயலாது. அது ஊராருக்குப் பொதுவானது. ஆயினும், ஊரின் பெயர் பதிவானதாலேயே ஒவ்வொரு தயாரிப்பாளரும் சட்டத்தின் முழுப் பயனையும் பெற்றுவிடுவதில்லை. அவரவரும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ எனத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். குறியீட்டைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தலும் வேண்டும். வேலி போட்டவர் அதனைக் காக்கவும் கடமைப்பட்டவரன்றோ!

தரத்துக்குச் சான்று

பெயர் வாடிக்கையாளரை ஒருமுறை அழைத்து வரும்; மறுமுறை அழைத்து வருவது தரமே. இராஜபாளையத்தில் 1936இல் முதல் நூற்பாலையும், 1939இல் மருத்துவப் பஞ்சுக்கான ஆலையும் நிறுவப்பட்டன. இன்று அதனை அடுத்த சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பெயர்பெற்று விளங்குகிறது. புண்ணின் மீது கட்டும் துணியில் பாவு, ஊடை இழைகளின் எண்ணிக்கை குறையலாகாது, கஞ்சிப்பசை தங்கலாகாது, ஈரத்தை உடனே உறிஞ்ச வேண்டும். மருத்துவமனையார் நெய்தவரைப் பார்ப்பதில்லை. பொட்டலத்தின் மேலுள்ள விவரத்தையே பார்க்கின்றனர். எந்த நூல், எந்தத் தறி, எந்நாளில் வெளுத்தது என்ற குறிப்பு இருப்பின், பழுது நேர்ந்தபோது ஒரு கட்டை மட்டும் திரும்பப் பெற்றுச் சீர்செய்யலாம். குறிப்பு இல்லையேல் சரக்கு முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இனிப்புக்கும் இதுவே விதி. பொட்டலமிடாது விற்கும் இனிப்பு எந்நாள்வரை உண்ணத்தக்கது என்பதைக் கடையில் எழுதி வைக்க வேண்டும் என 2020 அக்டோபர் 1 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்தது.

பணம் வரும் தவணை

துணி வாணிபத்தில் கடனுக்கு விற்பது பழைய வழக்கம். சரக்கு சென்ற பின்னும் பணம் மாதக்கணக்கில் வாராதிருப்பின், நெசவாளர் அடுத்த பாவுக்கு நூல் வாங்கவே வட்டிக்குக் கடன்பட நேரிடுகிறது.

2006ஆம் ஆண்டின் நுண், சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் இதற்கு வழி காட்டுகிறது. நுண், சிறு தொழிலினரிடம் சரக்கை ஏற்றவர், எழுத்து மூலமான ஒப்பந்தம் இருப்பின் அதில் கண்ட தவணைக்குள் பணம் செலுத்த வேண்டும். அத்தவணை 45 நாட்களுக்கு மேற்படலாகாது. ஒப்பந்தம் இல்லையேல் 15 நாட்களுக்குள் செலுத்த வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாகச் சேரும். உத்யம் பதிவு இதற்கு இன்றியமையாதது. கட்டணமின்றிச் செய்யப்படும் அப்பதிவைச் சரக்கு அனுப்புவதற்கு முன்பே முடித்துக்கொள்வது நலம்.

சங்கம் செய்ய வேண்டுவது

சட்டம் இருந்தும் தனி நெசவாளர் அதனைக் கையாளத் தயங்குகிறார். வட்டி கேட்டால் அடுத்த ஆர்டர் வாராதே என்ற அச்சமே காரணம். அவ்வச்சம் நியாயமானதே. இங்குதான் சங்கத்தின் பயன் விளங்குகிறது. சிறு தொழிலினர் உற்பத்தி செய்த பொருளை விற்கும் கூட்டுறவுச் சங்கமும் மேற்கண்ட சட்டத்தில் ‘சரக்கு அளிப்பவர்’ என்ற வரையறையுள் அடங்கும். ஆகவே பில் சங்கத்தின் பெயரில் செல்லுமாயின், பாக்கியைக் கேட்பதும் சங்கமே. தனி ஒருவர் மீது வணிகருக்கு மனத்தாங்கல் எழ இடமில்லை.

இதற்கு நிர்வாகக் குழுவினர் மூன்று காரியங்களைத் தவறாது செய்தல் வேண்டும். ஒவ்வொரு பில்லிலும் தவணை நாளைக் குறிக்க வேண்டும். சரக்குப் பெற்றவரின் கையொப்பத்தைத் தேதியுடன் வாங்கி வைக்க வேண்டும். சரக்கின் தர விவரங்களைத் தனிப் பேரேட்டில் பதிந்துவர வேண்டும். பெயருரிமைப் பதிவுக்கு அங்கத்தினர்களின் விண்ணப்பங்களைத் திரட்டி அனுப்புவதும் சங்கத்துக்கு இயலாத காரியமன்று.

இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் 1844இல் கடை தொடங்கிய கூட்டுறவு முன்னோடிகளுள் நெசவாளர் பலர் இருந்தனர். கலப்படமற்ற சரக்கு, சரியான எடை, கைமேல் ரொக்கம் என்பனவே அவர்கள் மேற்கொண்ட ஒழுங்கு. இன்றைய வாணிபம் எழுத்தில் கேட்பதும் பெரும்பாலும் அவ்வொழுங்கையே. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் தம் சங்கத்தின் பில் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்களாக. தவணை நாள் குறிக்கப்படாத பில் ஒன்று அதில் இருப்பினும், திருத்தத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.