எரிமலைச் சாம்பலும் முல்லைப் பெரியாற்றுச் சுர்க்கியும்

சுண்ணாம்பும் மணலும் குழைத்த காரை, காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும். தண்ணீருக்குள் போட்டால் இறுகாது. ஆனால், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியர்கள் கடலுக்குள் துறைமுகம் கட்டினார்கள். அவர்கள் சேர்த்தது நேப்பிள்ஸ் வளைகுடாவின் எரிமலைச் சாம்பல். அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிந்து நீருக்கடியிலும் கல்லாகிவிடும்.

சரி, ஒரு பழைய காரைத் துண்டில் இருப்பது எந்த எரிமலையின் சாம்பல் என்று எப்படிச் சொல்வது? டுரியான் துங்காலில் பொறியியல் படிக்கும் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. துண்டை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். குமிழ்கள் நிறைந்த நுரைக்கல் தெரிந்தால் எரிமலைப் பொருள் என்பது உறுதி. ஊரைச் சொல்ல அது போதாது. சிலிக்கா சுண்ணாம்போடு சேர்ந்து மாறிப் போயிருக்கும். அதனால் எளிதில் இடம்பெயராத சிர்கோனியம், நியோபியம், இட்ரியம் ஆகியவற்றின் விகிதத்தை அளக்கிறார்கள். ஏரோது மன்னன் இன்றைய இஸ்ரேல் கரையில் கட்டிய செசரியா துறைமுகத்துக்கு, நேப்பிள்ஸ் சாம்பல் கப்பலில் போனது இப்படித்தான் உறுதியானது.

எரிமலை இல்லாத தமிழகத்தில் அந்த வேலையைச் செய்தது சுர்க்கி. சுட்ட களிமண்ணை, அதாவது செங்கல்லை அரைத்த தூள்தான் அது. சுண்ணாம்போடு சுர்க்கி சேர்த்து 1887 முதல் 1895 வரை பென்னிகுயிக் கட்டியதுதான் முல்லைப் பெரியாறு அணை. தேனி, மதுரை வயல்களுக்கு அந்தத் தண்ணீர்தான். காரையிலிருந்து சுண்ணாம்பு கரைந்து வெளியேறுகிறது என்கிறது கேரளம்; அணை உறுதியாக இருக்கிறது என்கிறது தமிழ்நாடு. 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

"ரோமானியக் காரை ஈராயிரம் ஆண்டு நிற்கிறதே, இது நிற்காதா?" என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அந்த ஒப்பீடு சரியாகப் படவில்லை. கடல்நீர் ரோமானியக் காரைக்குள் புதிய கனிமங்களை வளர்த்து அதை இறுக்கியது. மலைநீரோ சுண்ணாம்பைக் கரைக்கக்கூடியது. அதே சமயம், நூறு வயதைத் தாண்டியதாலேயே அணை பலவீனம் என்பதும் வாதமாகாது. வயதைக் கேட்பதைவிடக் காரையைச் சோதிப்பதே மேல்.

நம் நாட்டிலும் இந்த இனத்தைச் சேர்ந்த சாம்பல் உண்டு. செம்பனை ஆலைக் கொதிகலன்களில் நாரையும் ஓட்டையும் எரித்த பின் மிஞ்சுவதில் சிலிக்கா நிறைய இருக்கிறது. சிமெண்டில் ஒரு பங்குக்குப் பதிலாக அதைச் சேர்க்கும் ஆய்வுகள் மலேசியப் பல்கலைக்கழகங்களில் பல ஆண்டுகளாக நடக்கின்றன. ஆலையிலிருந்து அப்படியே அள்ளி வந்தால் உதவாது. எரியாத கரியை நீக்கி, மாவாக அரைத்தால்தான் சுண்ணாம்போடு சேரும்.